ஒஸ்லோவிலை ரெண்டு கட்டில் உள்ள ஒரு றூம்

இண்டைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. ஒஸ்லோவிலை நாலு நாளுக்கு ஒரு ஹோட்டல் றூம் போடவேணும். ரெண்டு கட்டில். அவ்வளவுதான்.

இஞ்சை கனடாவிலை சனிக்கிழமை, எனக்கு வேலை இல்லை. காலமை ஒன்பது மணிக்குத் தேத்தண்ணியோடை கொம்பியூட்டருக்கு முன்னாலை இருந்தன். பத்து நிமிச வேலை எண்டு நினைச்சன்.

இதை எழுதேக்க பின்னேரம் நாலு மணி. என்ர உடம்பு முழுக்க நல்லெண்ணெய் மணக்குது. என்ன நடந்தது எண்டு முறையாச் சொல்லுறன், கேளுங்கோ.

ஒஸ்லோவிலை எங்கட பெரியம்மாவின்ர மகள் வசந்தி அக்கா இருக்கிறா. அவவின்ர மகளுக்கு வாற மாசம் கலியாணம். அந்தக் கலியாணத்துக்கு யாழ்ப்பாணத்திலை இருந்து என்ர தங்கச்சி மலர் வாறாள். வசந்தி அக்காதான் ஓடித்திரிஞ்சு அவளுக்கு விசா எடுத்துக் குடுத்தவ.

மலரை நான் கண்டு பதினெட்டு வருசம்!

ஊரிலை சண்டை முடிஞ்சு இப்பதான் ஒரு வருசம். அதுக்கு முதல் எங்கட கதை எல்லாம் போனிலைதான். போனிலை என்னத்தைக் கதைக்கிறது? ஆர் ஒட்டுக் கேக்கினம் எண்டு தெரியாது.

"சுகமோ?"

"சுகம்."

"சாப்பிட்டியோ?"

"சாப்பிட்டன்."

"அங்கை மழையோ?"

"மழை."

பதினெட்டு வருசமா நாங்கள் ரெண்டு பேரும் வானிலை அறிக்கை வாசிச்சதுதான் மிச்சம்.

இப்ப கதைக்கலாம். ஆனா பழக்கம் விட்டால்தானே! போன கிழமையும் அவள் "மழை" எண்டுதான் தொடங்கினாள். பேந்து மெல்லமா, "அக்கா, உனக்கு ஒண்டு சொல்லவேணும். உனக்கு மட்டும். நேரிலை" எண்டாள்.

"என்னடி?"

"நேரிலை."

வைச்சிட்டாள். அண்டையிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை. வருத்தமோ, வழக்கோ, வேறை என்ன இழவோ எண்டு யோசிச்சு யோசிச்சு, வேலையிலை ரெண்டு தரம் பிழையான பெட்டியிலை பிழையான லேபிள் ஒட்டிப்போட்டன்.

சரி, ஒஸ்லோவிலை சந்திக்கேக்க கேப்பம் எண்டால், எங்கை வைச்சுக் கேக்கிறது? வசந்தி அக்கா ஏற்கனவே எல்லாம் பிரிச்சு வைச்சிட்டா. ஆம்பிளையள் மேலை. பொம்பிளையள் எல்லாரும் கீழை ஹோலிலை, மெத்தை போட்டு, வரிசையா. நானும் மலரும் நடுவிலை. எங்களுக்கு இந்தப் பக்கம் பெரியம்மா, அந்தப் பக்கம் வசந்தி அக்காவின்ர மச்சாள்மார் மூண்டு பேர்.

போனிலை ஆர் ஒட்டுக் கேட்டவை எண்டு எங்களுக்குத் தெரியாது. இந்த ஹோலிலை ஆர் கேப்பினம் எண்டு நல்லாத் தெரியும்!

அதாலைதான் ஹோட்டல்.

ஆனா உங்களுக்குத் தெரியும்தானே எங்கட சனத்தை. செத்த வீட்டுக்கு வராட்டிலும் மன்னிச்சு விடுவினம். ஊருக்கு வந்து, சொந்தக்காரர் வீடு இருக்க, ஹோட்டலிலை நிண்டாய் எண்டால் மூண்டு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவினம். அதுவும் விசா எடுத்துத் தந்த மனுசியின்ர ஊரிலை!

இவரிட்டைச் சொன்னன். இவர் கலியாணத்துக்கு வரேல்லை, லீவு இல்லை. பேப்பரிலை இருந்து கண் எடுக்காமல், "உமக்கு என்ன விசரோ?" எண்டார்.

"ஒருத்தருக்கும் தெரியாமல் போடுவம். அங்கை போய் இறங்கினாப் பிறகு சொல்லுவம்" எண்டன்.

"ஒஸ்லோவிலை? தமிழாக்களுக்குத் தெரியாமல்?" எண்டு கேட்டுச் சிரிச்சார். அந்த மனுசன் வருசத்துக்கு ஒருக்காத்தான் சரியாச் சொல்லுறவர். இண்டைக்குத்தான் அந்த ஒருக்கா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?

ஹோட்டலின்ர பக்கத்தைத் திறந்தால் முழுக்க நோர்வே பாசை. ஓ எண்ட எழுத்துக்குக் குறுக்கை கோடெல்லாம் கிடக்கு. இங்கிலீசுக்கு எப்பிடி மாத்திறது எண்டு எனக்குத் தெரியேல்லை. இவர் வந்து, "விடும், இதெல்லாம் ஒரு உத்தேசந்தான்" எண்டு சொல்லி நாலு இடத்திலை அமத்தினார். என்ர கிரெடிட் காட் நம்பரையும் குடுத்தார்.

கொம்பியூட்டரிலை ஒரு கடிதம் வந்து விழுந்துது. அது நல்ல காலத்துக்கு இங்கிலீசிலை. வாசிச்சுப் பார்த்தன். பெரியாள் ஒண்டு. நாய் ஒண்டு.

"இஞ்சருங்கோ, என்ர தங்கச்சியை நாய் எண்டு போட்டு வைச்சிருக்கிறியள்!"

"ரெண்டாவது ஆள் எண்டுதான் நினைச்சனான்" எண்டார். பேப்பரோடை குளியலறைக்குள்ளை போனவர், அரை மணித்தியாலம் வெளியிலை வரேல்லை.

என்ன செய்யிறது? ஹோட்டலுக்குப் போன் எடுத்தன். இங்கிலீசிலை சொல்ல வேண்டியதை எல்லாம் முதல் ஒரு துண்டிலை எழுதி வைச்சனான். ஒரு பிள்ளை எடுத்துது. நல்ல இனிமையான குரல். பேர் என்ன எண்டு இங்கிலீசிலை கேட்டுது.

"புவனேஸ்வரி தர்மகுலசிங்கம்."

டிக் டிக் எண்டு எழுதுற சத்தம் கேட்டுது. "ஓகே" எண்டுது.

இதிலையே நான் முழிச்சிருக்க வேணும்! பதினெட்டு வருசமா இந்த நாட்டிலை இருக்கிறன். என்ர பேரை ஒரு எழுத்தும் கேக்காமல் எழுதின வெள்ளைக்காரரை நான் கண்டதே இல்லை. ஆனா நான் அந்த நேரம் நாய் யோசினையிலை இருந்தன்.

நாய் இல்லை, என்ர தங்கச்சி எண்டு விளங்கப்படுத்தினன். துண்டிலை அது எழுதி வைச்சிருக்கேல்லை, அதாலை என்ர இங்கிலீசு கொஞ்சம் தடக்குப்பட்டுது. திடீரெண்டு அந்தப் பக்கத்திலை இருந்து,

"அன்ரி, நீங்கள் தமிழிலை சொல்லுங்கோ."

ஐயோ, எனக்கு வந்த சந்தோசம்! ஒஸ்லோ ஹோட்டலிலை தமிழ்க் குரல்! அதுவரைக்கும் பொத்தி வைச்ச வாய் அப்பிடியே திறந்திட்டுது.

"ஆ, பிள்ளை! ஊரிலை எவடம்?"

பாத்தியளோ? கேட்டது நான்! அவள் கேக்கேல்லை. ஒரு தமிழ்க் குரலைக் கேட்டால் ஊர் கேக்காமல் என்னாலை மூச்சு விட ஏலாது.

அவள் ஊரைச் சொன்னாள். எங்கட ஊருக்கு அடுத்த ஊர். நான் ஆற்றை பிள்ளை எண்டு கேட்டன். சொன்னாள். பிறகு அவள், "நீங்கள் கலியாணத்துக்கோ வாறியள் அன்ரி?" எண்டாள். நானும் ஓமெண்டு, வசந்தி அக்கா, தங்கச்சி, பதினெட்டு வருசம், ஹோலிலை மெத்தை வரைக்கும் ஒண்டும் விடாமல் சொல்லி முடிச்சிட்டன்.

"வசந்தி அன்ரியோ! நானும் கலியாணப் பொம்பிளையும் ஒண்டாத்தானே தமிழ்ப் பள்ளிக்கூடம் போனனாங்கள்!"

அப்பதான் எனக்கு இது ரகசியம் எண்டது நினைவுக்கு வந்துது.

"பிள்ளை, இதை ஒருத்தருக்கும் சொல்லாதை, என்ன?"

"சீ, நான் ஏன் அன்ரி சொல்லப்போறன்!"

சத்தியமா அந்தப் பிள்ளை பத்துப் பேருக்குச் சொல்லியிருக்காது. தன்ர தாய்க்கு மட்டுந்தான் சொல்லியிருக்கும். அது போதும்.

போனை வைச்சு இருவத்தைஞ்சு நிமிசம். வசந்தி அக்கா!

"எடியே புவனா! என்ர வீட்டிலை உனக்கு என்ன குறை? நாயைக் கொண்டு வாறதெண்டாலும் கொண்டு வா, பின் வளவிலை கட்டுவம். அதுக்காக ஹோட்டலிலை போய் நிக்கிறதோ?"

"அக்கா, நாய் இல்லை அக்கா..."

"அப்ப என்ன? நாங்கள் சரியில்லையோ?" குரல் தழுதழுக்கத் தொடங்கிட்டுது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'என்ர தங்கச்சியோடை தனியக் கதைக்கவேணும்' எண்டு சொன்னால் முடிஞ்சுது. ஆனா அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, 'எங்களுக்குத் தெரியாமல் அப்பிடி என்ன கதை?' எனக்கே தெரியாதே!

வாயிலை வந்ததைச் சொன்னன். "நாரிப் பிடிப்பு அக்கா, இடுப்பை அசைக்க ஏலேல்லை. நிலத்திலை மெத்தை போட்டுப் படுக்கக் கூடாதாம், டொக்டர் சொன்னவர்."

"அட கடவுளே! ஏன் இதை முதலே சொல்லேல்லை? நான் உனக்குக் கட்டில் வாங்கிப் போடுறன்."

"வேண்டாம் அக்கா! நான் குறட்டையும் விடுறனான்!"

"இஞ்ச ஆரடி விடாதது?"

மனுசி விடுறதாயில்லை. நான் வேர்த்து விறுவிறுத்துப் போனன். அப்பதான் என்ர மூளை ஒரு மகா கெட்டித்தனமான வேலை செய்துது.

"அக்கா, உண்மையைச் சொன்னால், அந்த றூம் எனக்கில்லை. லண்டனிலை இருந்து வாற மாப்பிளையின்ர தாய் தகப்பனுக்கு எண்டு போட்டனான். எங்கட பரிசா இருக்கட்டும் எண்டு. உங்களுக்குச் சொல்லாமல் செய்ய நினைச்சது."

வசந்தி அக்கா ஓவெண்டு அழுதா.

"என்ர குஞ்சு! அவையளை எங்கை விடுறது எண்டு ரெண்டு கிழமையா நான் நித்திரை இல்லாமல் இருக்கிறன். உன்ர மனசு ஆருக்கடி வரும்!"

அப்பிடியே வைச்சிட்டா. வசந்தி அக்காவுக்குச் சந்தோசம். மாப்பிளை வீட்டாருக்கு றூம். எனக்கும் மலருக்கும் ஹோல், நடு மெத்தை. எல்லாத்தையும் நானே என்ர வாயாலை, என்ர காட்டாலை செய்து முடிச்சன்!

குளியலறையிலை இருந்து வெளியிலை வந்த இவர், "என்ன, சரிவந்திட்டுதோ?" எண்டார். நான் அவரின்ர பேப்பரைப் பறிச்சுக்கொண்டு போனன்.

கதை இதோடை முடிஞ்சிருந்தால் பரவாயில்லை. பொய் ஒண்டைச் சொன்னால் அது தன்ர காலிலை நடக்கத் தொடங்கிவிடும். நாரிப் பிடிப்பு நடந்துது. ஒஸ்லோவிலை இருந்து, இஞ்சை எங்கட வீட்டுக்குக் கிட்ட இருக்கிற மில்லிக்கனுக்கு நடந்துது. அங்கைதான் பெரியம்மா, வசந்தி அக்காவின்ர அம்மா, மகன் வீட்டிலை இருக்கிறா.

பதினொரு மணிக்குக் கதவிலை தட்டுச் சத்தம். பெரியம்மா! ஒரு கையிலை கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சின நல்லெண்ணெய்ப் போத்தில், மற்றக் கையிலை வேப்பிலைக் கட்டு. கனடாவிலை வேப்பிலை எங்கை எடுத்தா எண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம். மகன் காரிலை கொண்டுவந்து இறக்கிவிட்டிட்டுப் போயிட்டாராம்.

"எங்கையடி பிடிச்சிருக்கு?"

"இப்ப பரவாயில்லை பெரியம்மா..."

"குப்புறப் படு!"

பெரியம்மா சொன்னால் படுக்கிறதுதான். நான் சோபாவிலை குப்புறப் படுத்தன். மனுசி ஒரு முழங்காலை என்ர இடுப்பிலை ஊண்டிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினா. எழுவத்திரண்டு வயசுக்கு அது கையோ, அம்மியோ தெரியேல்லை. காலமை வரைக்கும் நல்லாயிருந்த நாரி அஞ்சு நிமிசத்திலை உண்மையாவே பிடிச்சிட்டுது.

அந்த நேரம் பாத்து மலரின்ர மிஸ் கோல்.

அவள் அங்கையிருந்து ஒரு மணி அடிச்சு விடுவாள், நாங்கள் போன் காட் போட்டுத் திருப்பி எடுக்கவேணும். அதுதான் எங்கட முறை. எனக்கு அசைய வழியில்லை. இவர் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரிலை விட்டு, என்ர முகத்துக்குப் பக்கத்திலை போனை வைச்சார்.

"அக்கா!" மலர் அழுறாள். "உனக்கு நாரி முறிஞ்சிட்டுதாம்! ஒப்பரேசனாம்! ஒஸ்லோவுக்கு வரமாட்டியாம்!"

"ஆரடி சொன்னது?"

"வசந்தி அக்கா எடுத்தவ. பிறகு லண்டனிலை இருக்கிற சொந்தக்காரரும் எடுத்தவை. நீ வராட்டி நானும் வரேல்லை. எனக்குக் கலியாணமும் வேண்டாம், ஒஸ்லோவும் வேண்டாம். நான் உன்னைப் பாக்கத்தான் விசாவுக்கு நாலு தரம் கொழும்புக்குப் போய் வந்தனான்!"

அவள் விக்கி விக்கி அழுறதைக் கேக்க என்னாலை தாங்க ஏலேல்லை. எல்லாம் மறந்து போச்சு. இடுப்பிலை இருந்த முழங்கால் உட்பட.

"எடி விசரி, அழாதை! எனக்கு நாரியிலை ஒண்டும் இல்லை. சும்மா சொன்னது! உன்னோடை தனியக் கதைக்கவேணும் எண்டு ஹோட்டல் எடுத்தனான். வசந்தி அக்கா வீட்டு ஹோலிலை பெரியம்மாவின்ர காதுக்குப் பக்கத்திலை கிடந்து என்னத்தைக் கதைக்கிறது? அதுதான் பொய் சொன்னன்."

என்ர முதுகிலை தேய்ச்ச கை நிண்டுது.

நான் கவனிக்கேல்லை. பெரியம்மா பக்கத்திலை நிக்கிறா எண்டு மலருக்குத் தெரியாது. அவள் மூக்கை உறிஞ்சினாள். "உண்மையாவோ?"

"உண்மையா. என்னடி எனக்குச் சொல்ல இருக்கு? சொல்லு. இனிப் பொறுக்க ஏலாது. என்ன வருத்தம்?"

"வருத்தம் இல்லை அக்கா..." எண்டு இழுத்தாள். பிறகு ஒரே மூச்சிலை, "எங்கட பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிக்கிற ஒருத்தர் இருக்கிறார்."

நான் வாயைத் திறந்தபடி கிடந்தன். என்ர தங்கச்சிக்கு நாப்பத்தொரு வயசு! அவளுக்கு இனி ஒண்டும் சரிவராது எண்டு கும்பிட்ட கோயில் எல்லாத்திலையும் நான் அழுதிருக்கிறன்.

"ஊரடங்குக் காலத்திலை அவர்தான் எனக்குப் பாண் கொண்டுவந்து தாறவர். ஊரடங்கு தளர்த்திற ரெண்டு மணித்தியாலத்திலை, சைக்கிளிலை. வாசல்லை வைச்சிட்டுப் போயிடுவார், ஒண்டும் கதைக்கமாட்டார். இப்ப ஊரடங்கு இல்லை அக்கா. வீட்டுக்குப் பக்கத்திலையே பேக்கரி திறந்திட்டுது. அவர் இப்பவும் கொண்டு வாறார்."

எனக்குக் கண் முட்டிட்டுது.

"போன மாசம் கேட்டவர். என்ர அக்காவிட்டைக் கேக்காமல் நான் பதில் சொல்லமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். அவரும் சரியெண்டு பாத்துக்கொண்டிருக்கிறார். நீ என்ன சொல்லுறாய்?"

நான் வாய் திறக்கிறதுக்கு முதலே பதில் மேலையிருந்து வந்துது.

"ஓமெண்டு சொல்லு பிள்ளை! பாண் கொண்டு வாறவனை விடாதை!"

"ஐயோ, ஆர் அது?" எண்டு மலர் கத்தினாள்.

"பெரியம்மா! நீ சொல்லு, பிறகு? அவன் ஆற்றை மகன்?"

மலர் சிரிச்சாள். முதல் வெக்கத்திலை, பிறகு வாய்விட்டு, சத்தம் போட்டு. பதினெட்டு வருசத்திலை அவள் அப்பிடிச் சிரிச்சு நான் கேக்கேல்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்டா வந்து, எண்ணெய் முதுகோடை சோபாவிலை கிடந்து குலுங்கினன். "ஓமெண்டு சொல்லடி! இண்டைக்கே சொல்லு!" எண்டு நானும் கத்தினன். இவர் மற்றப் பக்கம் திரும்பி நிண்டு கண்ணாடியைத் துடைச்சார். போன் காட்டிலை நிமிசம் முடிஞ்சு கோல் அறுந்துது.

பொய் சொன்னதுக்குப் பெரியம்மா என்னைக் கொல்லப்போறா எண்டு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன். மனுசிக்கு அது நினைவிலேயே இல்லை. எண்ணெய்க் கையோடை போனைத் தூக்கினா. நான் தடுக்க எழும்பினன். உண்மையாவே எழும்ப ஏலேல்லை, நாரி!

"வசந்தி! மலருக்குக் கலியாணம்! கணக்கு வாத்தியாராம்!"

என்ர தங்கச்சி எனக்கு மட்டும் எண்டு வைச்சிருந்த கதை, நாங்கள் போறதுக்கு முதலே ஒஸ்லோவுக்குப் போய்ச் சேந்திட்டுது.

கால் மணித்தியாலத்திலை வசந்தி அக்கா திருப்பி எடுத்தா. எனக்கு ஏச்சு விழும் எண்டு பாத்தால், மனுசி துள்ளுறா.

"எடி கள்ளி, அம்மா எல்லாம் சொல்லிப்போட்டா! அக்காவும் தங்கச்சியும் ஹோட்டலிலை நிக்கத்தானே ஆசைப்பட்டனியள்? நிண்டு கொள்ளுங்கோ. மாப்பிளை வீட்டாரை நான் என்ர வீட்டிலை வைச்சிருக்கிறன். அதுதான் மரியாதையும்."

"உண்மையாவோ அக்கா?" என்னாலை நம்ப ஏலேல்லை.

"உண்மையாத்தான்! அந்த ஹோட்டல் பிள்ளையோடையும் கதைச்சிட்டன். உருட்டுற கட்டில் ரெண்டு போட்டுத் தாறாளாம். நானும் வாறன், அம்மாவும் வாறா, மச்சாள்மார் மூண்டு பேரும் வருகினம். மலரின்ர கதையை முதலிலை இருந்து வடிவாக் கேக்கவேணும்!"

ஒஸ்லோவிலை எனக்கு றூம் கிடைச்சிட்டுது. கட்டில் ரெண்டு, உருட்டுறது ரெண்டு, ஆக்கள் ஏழு.

சொந்தக்காரர் இருக்கிற ஊரிலை ஹோட்டல் எடுக்கக் கூடாது எண்டு எங்கட சனம் சொல்லுறது மானத்துக்காக எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். இல்லை, றூமிலை இடம் காணாது.